மேசை மேல் அகழி

பிரம்மியிடம் அதுவரை யாரும் தண்ணீர் கேட்டு வந்ததில்லை.

கல்யாண மாலையோடுதான் வருவார்கள். முகூர்த்தம் முடிந்த மறுநாளே, பூ வாடுவதற்குள், ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்து நீட்டுவார்கள். அவள் அதை உலர்த்தி, மரச்சட்டத்துக்குள் வளைத்து வைத்து, மேலே ரெசினை ஊற்றிப் பளிங்கு போல உறைய வைத்துக் கொடுப்பாள். திண்டிவனத்திலிருந்து சேத்துப்பட்டு வரை அவள் கையால் உறைந்த மாலைகள் புதுமணத் தம்பதிகளின் சுவர்களில் தொங்கின. அவளுடைய சொந்த மாலை மட்டும் எட்டு வருஷத்துக்கு முன்பே தென்னைக்கு உரமாகிவிட்டது. அப்போது அவளுக்கு இந்தத் தொழில் தெரியாது. கணவன் ரிஷபன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வந்து போவான். ரெசின் வேலைக்கு இடமும் காற்றும் வேண்டும் என்று அவள் செஞ்சியில் பிறந்த வீட்டிலேயே, அப்பா நைனாவோடு, பின்பக்க அறையைப் பட்டறையாக்கிக்கொண்டு தங்கியிருந்தாள்.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு மத்தியானம் கமலேஷ் வந்தான். கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவன். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சதுரப் பலகை.

"அக்கா, கொஞ்சம் தண்ணி ஊத்தித் தரணும்."

"குடிக்கவா?"

"ஐயோ, இல்லக்கா. இதுல."

பிரித்துக் காட்டினான். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு குளம். நாலு பக்கமும் இறங்கும் படிக்கட்டு. படியில் வெடிப்பு, வெடிப்பில் பாசி, பாசிக்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து தேய்ந்த கல் எல்லாம் இருந்தன. தண்ணீர் மட்டும் இல்லை. கரையில் ஒரு குதிரைவீரன் நின்றான். சுண்டுவிரலின் முதல் கணு உயரம்தான் இருந்தான். அந்த உயரத்துக்குள் அவனுக்கு மீசை வேறு இருந்தது.

விஷயத்தை அவன் மூச்சு விடாமல் சொன்னான். அவனும் இன்னும் மூன்று நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் போர் விளையாடுகிறார்கள். ஆறடிக்கு நாலடிப் பலகையில் மலை, மதில், வயல் எல்லாம் செய்து வைத்து, இரண்டு பக்கமும் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, அடிக்குச்சியால் அளந்து நகர்த்துவார்கள். பலகையைச் செய்தவள் தமிழ்மொழி, தாலுகா ஆபீஸில் நில அளவர். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு முற்றுகையை ஆடிப் பார்க்க, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி அடிவாரத்தை அவள் தெர்மாகோலில் செதுக்கியிருந்தாள். மார்கழிக் கடைசி ஞாயிறு பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கூட்டம் விளையாட வருகிறது.

"மலை இருக்குது, மதில் இருக்குது, அகழி மட்டும் காஞ்சு கெடக்குது. பாண்டிக்காரங்க வந்து பாத்தா, இன்னாப்பா உங்க ஊர்ல தண்ணிக் கஷ்டமான்னு கேப்பாங்கக்கா."

வாசலில் உட்கார்ந்து விதைக்காக மல்லாட்டைக் கடலை பொறுக்கிக்கொண்டிருந்த நைனா அஜிததாஸ் காதில் "போர்" என்ற சொல் மட்டும் விழுந்துவிட்டது. சொத்தையைத் தனியாக, நல்ல பருப்பைத் தனியாகப் போட்டபடியே கேட்டார்.

"சண்டை வேலைக்கா இத்த செய்யச் சொல்ற?"

"விளையாட்டுதான் பெரியப்பா."

"விளையாட்டுல செத்தவங்கள இன்னா பண்ணுவீங்க?"

கமலேஷ் அவசரமாகக் கையை ஆட்டினான். அந்தச் சமண வீட்டில் எறும்பை மிதித்தாலே நின்று பார்ப்பார்கள் என்று ஊருக்கே தெரியும். "சாவ மாட்டாங்க பெரியப்பா. எடுத்து டப்பாவுல வச்சிடுவோம். வீட்டுக்குப் போய்ட்டாங்கன்னு கணக்கு."

"வீட்டுக்குன்னா?"

"அவங்கவங்க ஊருக்கு. பொண்டாட்டி புள்ளைங்களோட சேந்துருவாங்க."

நைனா அதை மென்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "செய்யி. ஆனா வலை இல்லாம ஊத்தக் கூடாது."

வலை அந்த வீட்டுச் சட்டம். ஈர ரெசினில் கொசுவோ ஈசலோ ஒட்டிக்கொண்டால் பிழைக்காது. ஆகவே பிரம்மி எதை ஊற்றினாலும், அது இறுகும் வரை மேலே கொசுவலை தொங்கும். வலையைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் நைனாவின் பொறுப்பு. வேறு யாரையும் அவர் நம்புவதில்லை.

பிரம்மிக்கு அன்று சாயங்காலமே வேலை முடிந்துவிட்டது. இதில் என்ன இருக்கிறது? ஒரு சொட்டு நீல மை, குமிழி இல்லாத ரெசின், மேலே லைட்டர் தீயை லேசாகக் காட்டினால் மிச்சக் குமிழியும் உடைந்துவிடும். மறுநாள் குளம் நீலக்கல் மோதிரம் மாதிரி மின்னியது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

கமலேஷ் தமிழ்மொழியையும் கூட்டிக்கொண்டு வந்தான். பார்த்துவிட்டு, "நல்லாருக்குதுக்கா... ரொம்ப நல்லாருக்குது..." என்று இழுத்தான். தமிழ்மொழி இழுக்கவில்லை. ஒல்லியான உருவம், காதில் எப்போதும் ஒரு பென்சில். குனிந்து, கண்ணைப் பலகைக்குச் சமமாக வைத்துப் பார்த்தாள்.

"பிரம்மி, தப்பா எடுத்துக்காதீங்க. இது தண்ணி இல்ல. பாத்ரூம் டைல்ஸ்."

"இதுல ஒரு குமிழி காட்டுங்க பாப்பம்!"

"குமிழி இல்ல. தண்ணியும் இல்ல. நம்ம கோட்டைச் செட்டிக்குளத்துல நீங்க என்னிக்கு நீலத்தைப் பாத்தீங்க?"

பிரம்மி தன் குளத்தை மறுபடி பார்த்தாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடத்து எக்ஸ்கர்ஷன் முதல் நேற்று வந்த நாத்தனார் வரைக்கும் எத்தனை முறை கோட்டைக்குப் போயிருப்பாள்! மலையைப் பார்த்திருக்கிறாள், களஞ்சியத்தைப் பார்த்திருக்கிறாள். குளத்துத் தண்ணீர் என்ன நிறம் என்று யாராவது பார்ப்பார்களா?

கோபத்தில் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போனாள்.

செட்டிக்குளத்துக் கரையில் அவள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். முதல் பத்து நிமிஷம் தமிழ்மொழியைத் திட்டுவதில் போயிற்று. பிறகுதான் கண் திறந்தது. நீலம் எங்கேயும் இல்லை. ஓரத்தில் தண்ணீருக்கு நிறமே இல்லை. அடியில் கிடந்த கல்லின் நிறம்தான் தெரிந்தது. இரண்டாம் படிக்குக் கீழே அது டீத்தண்ணீர் ஆனது. அதற்கும் கீழே பாசிப்பயறு நிறம். நடுக்குளம் பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. பெயர் வைக்க முடியாத ஒரு ஆழம். நீர்மட்டத்துக்கு மேலே நாலு விரல் உயரத்துக்கு ஈரம் ஏறிப் படிக்கல் கறுத்திருந்தது. அந்தக் கறுப்புக் கோடு இல்லாததால்தான் தன் குளம் குளமாக இல்லை என்று அவளுக்குச் சட்டென்று விளங்கியது. காற்றும் குளம் முழுக்க அடிக்கவில்லை. வடக்கு மூலையில் மட்டும் சிலிர்த்துக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் மலையைத் தலைகீழாக ஏந்திக்கொண்டு அசையாமல் கிடந்தது.

அவள் இன்னும் ஒரு படி கீழே இறங்கினாள். குனிந்தாள்.

"ஏம்மா! ஏம்மா! அங்கியே நில்லு!"

காவல்காரர் வீராசாமி, அறுபதை நெருங்கும் மனுஷன், செருப்பு ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாக ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"வீட்ல எதனா பிரச்சனையா கண்ணு? எதா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். நான் வந்து பேசறன். மாமியாரா?"

"இல்லண்ணா, தண்ணியப் பாக்க வந்தேன்."

"எல்லாரும் இப்டிதான் சொல்லுவாங்க. மொதல்ல மேல வா."

"நெஜமா தண்ணியதான் பாக்குறேன். நான் தண்ணி செய்யணும்."

அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது. அவளை மேல் படியில் உட்கார வைத்து, தன் பிளாஸ்கிலிருந்து டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும் வரை கண்ணை எடுக்காமல் எதிரே நின்றார். பிரம்மி போனில் பலகையின் போட்டோக்களைக் காட்டினாள். மீசைக்கார வீரனைக் காட்டினாள். வீராசாமி போனை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவருடைய சிரிப்பில் அவளும் சேர்ந்துகொண்டாள்; இரண்டு பேர் சிரிப்பும் குளத்துச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா! அப்டின்னா இங்க மட்டும் பாத்தா ஆவாது. வா, அகழிக்குப் போவலாம்."

அன்று வீராசாமிதான் அவளுக்குத் துணை. குளம் படுத்துக் கிடக்கும், அகழி ஒருக்களிச்சுக் கிடக்கும் என்றார். ஒரு கரை மதில், மறு கரை மண். மதில் பக்கம் நிழல் விழுந்து தண்ணீர் கறுக்கும், மண் பக்கம் கலங்கும் என்று காட்டினார். கோரை எந்தப் பக்கம் முளைக்கிறது, கொக்கு எங்கே நிற்கிறது எல்லாம் அவருக்கு அத்துப்படி. இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை போலிருக்கிறது. "மழ பெஞ்ச மறுநாள் வந்து பாரு, இன்னும் அழகா இருக்கும்" என்று சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினார். பிரம்மி அந்த வாரத்தில் மேலும் நான்கு முறை போனாள்.

பிறகு பெரிய பலகையே அவள் வீட்டுக்கு வந்தது. இரண்டு துண்டாகக் கொண்டு வந்து, நடு அறையிலிருந்த தேக்கு மேசையின் மேல் வைத்துப் பொருத்தினார்கள். அக்காவின் பிரசவத்துக்காக பிரம்மியின் அம்மா திண்டிவனம் போயிருந்ததால் மேசை காலியாக இருந்தது.

இந்த முறை பிரம்மி ரெசின் டப்பாவைத் தொடவே பத்து நாளானது. முதலில் தரையைத்தான் செய்தாள். குளத்துக்குள் ஓரத்தில் கல் நிறம், அடுத்து டீ நிறம், அடுத்து பாசிப்பயறு, நடுவில் அந்தப் பெயரில்லாத இருட்டு. ஒன்றோடொன்று எங்கே கலக்கிறது என்று தெரியாதபடி பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கலந்தாள். அகழியின் மண்கரையில் சலித்த செம்மண்ணைப் பசையில் குழைத்து அப்பினாள். துடைப்பத்து முனைகளைப் பச்சையில் தோய்த்துக் கோரையாக நட்டாள். படிக்கட்டில் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு நூல் அளவுக்கு ஈரக் கறுப்பைத் தீட்டியபோது, ஊற்றாத தண்ணீர் அங்கே இருப்பது போலவே தோன்றி அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒரு மூலையில் ஆகாயத்தாமரையும் செய்து வைத்திருந்தாள். தமிழ்மொழி பார்த்ததும் காதுப் பென்சிலை எடுத்துத் தட்டினாள்.

"இத்த எடுத்துடுங்க. முற்றுகை நடந்த காலத்துல இந்தச் செடி நம்ம நாட்டுக்கே வரல."

"நாலு நாள் வேலைங்க இது!"

"நாலு நாள் இல்ல, உங்க செடி எரநூறு வருஷம் முந்திக்கினு வந்துட்டுது."

பிரம்மி பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். எடுத்த பிறகு அந்த மூலை நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் தமிழ்மொழியிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, குளத்தையும் அகழியையும் நிரப்பினாள். மெல்லிய பூச்சுகளாக இரண்டு ஏற்கெனவே இறுகியிருந்தன, இது மேல்மட்டம். நைனா வலையைக் கட்டினார். குளம் அசையாமல் நின்றது. அகழியில்தான் ஏதோ சரியில்லை. மதில் ஓரத்தில் தீட்டியிருந்த ஈரக்கோட்டுக்கும் ரெசினுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவள் கமலேஷுக்கு போன் போட்டாள்.

"கமலேஷ், அகழி வத்திக்கிட்டே போவுது!"

"எங்கக்கா போவுது?"

"அதான் தெரியல! கீழ ஒரு சொட்டு கூட ஒழுகல."

எங்கே போனது என்பது சனிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. இரண்டு துண்டும் சேரும் இடத்தில், பழைய பூச்சுகள் எட்டாத உயரத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு பிளவு. அதன் வழியாக இறங்கிய ரெசின் பலகைக்கும் மேசைக்கும் நடுவே பரவி, அங்கேயே கல்லாக இறுகிவிட்டது. கமலேஷ் ஒரு பக்கம், தமிழ்மொழி ஒரு பக்கம் நின்று பலகையைத் தூக்கினார்கள். மேசையும் சேர்ந்து எழுந்தது. இன்னொரு முறை தூக்கினார்கள். இன்னொரு முறையும் மேசை எழுந்தது.

நைனா குனிந்து, விரிசலில் ஆணியை விட்டுப் பார்த்து, நிமிர்ந்தார்.

"இது இனிமே பிரியாது. மேசையோடதான் போவும்." பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார், "உங்கம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ."

பிரம்மி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேசை போவது இருக்கட்டும். அகழி பாதிதான் இருக்கிறது. பிளவை அடைத்து மறுபடி ஊற்றினால், மார்கழிப் பனியில் அது முழுசாக இறுக ஒரு நாளுக்கு மேல் வேண்டும். ஆட்டம் நாளைக் காலை பத்து மணிக்கு, கமலேஷின் மாமா குடோனில்.

"முக்கா வாசி இறுகினா போதாதா?" என்றாள் தமிழ்மொழி. அவள் குரல் முதல் முறையாகக் கெஞ்சியது. "தொடாம பாத்துக்குறோம்."

"வழியில தூசி விழும். பூச்சி விழும்."

"பூச்சி விழாது" என்றார் நைனா. மூவரும் திரும்பினார்கள். "நான் கூட வரன். டிராக்டர்ல வச்சி, வலையக் கட்டி, மெதுவா ஓட்டினு போவலாம். நீ ஊத்து."

பிரம்மி எழுந்தாள். பிளவை எம்சீல் பிசைந்து அடைத்தாள். அடைத்த இடத்தை மண் நிறத்தில் மறைத்தாள். குளத்துக்கும் மேலே ஒரு மெல்லிய பூச்சு விட்டு, வடக்கு மூலையில் மட்டும் ஊதுகுழலால் ஊதி ஊதிச் சிலிர்ப்பு கொண்டு வந்தாள். அகழி ஈரக்கோட்டைத் தொட்டபோது மணி பகல் மூன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குச் செஞ்சித் தெருவில் இப்படி ஓர் ஊர்வலம் போனது. முன்னால் மல்லாட்டை மூட்டை ஏற்றும் டிராக்டர். நடந்து போகிறவன் முந்திப் போகும் வேகம். ஓட்டுவது அஜிததாஸ், வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. பின்னால் டிரெய்லரில் ஒரு தேக்கு மேசை. நாலு மூலையிலும் மூங்கில் நட்டு, வெள்ளைக் கொசுவலை கூடாரமாகத் தொங்குகிறது. வலையின் இரு பக்கமும் கமலேஷும் தமிழ்மொழியும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வலைக்குள் தலையை விட்டுக்கொண்டு பிரம்மி உட்கார்ந்திருக்கிறாள்.

பனி இன்னும் விலகவில்லை. எதிரே மார்கழி பஜனைக் கோஷ்டி ஜால்ராவோடு வந்தது. முன்னால் வந்த மளிகைக் கடைக்காரர் பாவாடை டிராக்டரைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கோஷ்டி முழுக்க ஓரமாக ஒதுங்கிக் கை கூப்பியது.

"சாமி எங்க எழுந்தருளுது நைனாரே?"

நைனா பொய் சொல்ல மாட்டார். "சாமி இல்லப்பா. தண்ணி."

"தீர்த்தமா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குள் ஒருவர் தட்டில் கற்பூரத்தை ஏற்றிவிட்டார்.

"ஐயோ, நெருப்பு வேணாம்! வலை!" என்று வலைக்குள்ளிருந்து பிரம்மி கத்தினாள். வலைக்குள்ளிருந்து பெண் குரல் வந்ததும் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கமலேஷுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்தது. கடைசியில் தமிழ்மொழி கீழே குதித்து, எல்லாவற்றையும் விளக்கி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வலை வழியே பார்க்க வைத்தாள். பாவாடை வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம செட்டிக்குளம் ஆச்சே!" என்றார். "இந்தப் படியிலதான் நான் சின்ன வயசுல வழுக்கி வுழுந்தன்."

பிரம்மிக்கு அந்த ஒரு வார்த்தை போதும் போலிருந்தது. பஜனைக் கோஷ்டி கோயிலுக்குப் போகாமல் டிராக்டருக்குப் பின்னால் வந்தது. பாட்டை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கமலேஷின் மாமா குடோன் வரைக்கும் ஜால்ரா சத்தத்தோடு போய், பத்துப் பேர் கை கொடுத்து மேசையை ஒரு அசங்கல் இல்லாமல் உள்ளே இறக்கி வைத்தார்கள்.

பாண்டிச்சேரிக் கூட்டம் பத்து மணிக்கு வந்தது. மூன்று பேர். தலைவி வேதநாயகி, பல் டாக்டர். பல் சுத்தம் செய்யும் ஊசிகளை வைத்தே பொம்மைகளுக்குக் கண் இமை வரைக்கும் செதுக்குகிறவள் என்று பேர். நைனா வலையை அவிழ்த்து, ஒரு பூச்சி கூட இல்லை என்று நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். வேதநாயகி கையில் டீ டம்ளரோடு மேசைக்குப் பக்கத்தில் வந்தவள், டம்ளரைக் கொண்டு போய் தூரத்தில் ஜன்னல் மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எப்ப தண்ணி ஊத்துனீங்க? பலகை ஊறிடாதா?"

யாரும் பதில் சொல்வதற்குள் அவளுடைய ஆள்காட்டி விரல் செட்டிக்குளத்தில் இறங்கிவிட்டது.

"தொடா..." என்றாள் தமிழ்மொழி. விரல் வெளியே வந்தது. குளத்தின் நடுவில் ஓர் அச்சு விழுந்திருந்தது. வேதநாயகியின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நான்... நெஜத் தண்ணின்னு..."

பிரம்மி குனிந்தாள், கண்ணைப் பலகைக்குச் சமமாக வைத்துப் பார்த்தாள். முக்கால் வாசி இறுகிய ரெசினில் பல் டாக்டரின் கைரேகை, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழன்று, வட்டம் வட்டமாக விரிந்து கிடந்தது. அவள் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மற்றவர்களுக்கு அவள் அழப் போகிறாள் என்று தோன்றியது.

"மீன் துள்ளியிருக்குது" என்றாள்.

தமிழ்மொழி முண்டியடித்துக்கொண்டு வந்து குனிந்தாள். கமலேஷ் குனிந்தான். நைனாவும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "ஆமா, கெளுத்தி" என்றார் உறுதியாக. தண்ணீரைச் சிலிர்க்க வைக்க மூச்சு முட்ட ஊதியவள் பிரம்மி. இதை அவளாலும் செய்திருக்க முடியாது. வேதநாயகிக்குப் போன உயிர் வந்தது. வந்ததும் அவள் பிரம்மியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

ஆட்டம் தொடங்கியது. கோட்டைக்குள் செஞ்சிக்காரர்கள், வெளியே பாண்டிக்காரர்கள். செஞ்சிப் பக்கம் ஒருவனுக்குக் காய்ச்சல் என்பதால் குதிரைப்படையைப் பிரம்மியிடம் கொடுத்தார்கள். அவள் பகடையை உருட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். அடிபட்ட ஒவ்வொரு பொம்மையையும் நைனா தானே வாங்கி, "போய்ட்டு வாப்பா" என்று டப்பாவில் படுக்க வைத்தார்.

பகல் ஒரு மணிக்கு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"காலைலேந்து குதிரைங்க ஓடுது. தண்ணி எங்க காட்டுவீங்க?"

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். விதிப் புத்தகத்தில் அதற்கு விதி இல்லை. தமிழ்மொழி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள், மூடினாள், காதுப் பென்சிலை எடுத்தாள். "நியாயமான கேள்வி" என்றாள். அங்கேயே எழுதினாள்: நாலு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு குதிரையும் தண்ணீரை ஒரு விரல் தூரத்துக்கு நெருங்க வேண்டும், நெருங்காவிட்டால் நகராது. தண்ணீர் குடிக்கும் குதிரையை யாரும் அடிக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவர் நைனா.

அதோடு யுத்தம் குட்டிச்சுவராகிவிட்டது. பாண்டிக் குதிரைகள் அகழிக்கு ஓடின. அகழியில் இடம் போதாமல் உடைந்த மதில் வழியே உள்ளே நுழைந்து செட்டிக்குளத்துக்கு வந்தன. அங்கே பிரம்மியின் குதிரைகள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன. அடிக்க முடியாது, விதி. நகர்ந்தால் அடுத்தவன் இடத்தைப் பிடித்துக்கொள்வான். நாலு மணிக்கெல்லாம் இரண்டு படைகளின் குதிரைகளும் படிக்கட்டு நெடுக ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்தபடி வரிசையாக நின்றன. பீரங்கிக்காரர்கள் சும்மா நின்றார்கள். வேதநாயகி பகடையைக் கீழே போட்டுவிட்டுச் சாக்கு மூட்டையில் சாய்ந்து சிரித்தாள். "முப்பது வருஷம் விளையாடுறேன், இப்படி ஒரு முற்றுகையப் பாத்ததில்ல!"

"சமாதானமா?" என்று கேட்டான் கமலேஷ்.

"வேற வழி?"

பிரம்மி வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடும் வழக்கமில்லை. ஆகவே ஐந்து மணிக்கே குடோன் வாசலில் இலை போட்டார்கள். வெண்பொங்கலும் கொத்சும். இரண்டு படைகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டன. பாவாடையும் வீராசாமியும் கூட எப்படியோ கேள்விப்பட்டு வந்து சேர்ந்திருந்தார்கள். வீராசாமி குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கோரை முளைத்த பக்கம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் வேதநாயகி பிரம்மியிடம் வந்தாள். "எங்களுக்கு ஒரு கடல் வேணும். கப்பல் சண்டைக்கு. அலையோட, நுரையோட."

"எத்தினி அடி?"

"பன்னண்டு."

பிரம்மிக்குத் தலை சுற்றியது. சிரிப்பும் வந்தது. செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நைனா இலையை மடித்துக்கொண்டே, "மொதல்ல போயி பாக்கணும்" என்று அவள் சார்பில் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் திண்டிவனத்துக்கு ஒரு போன் போட்டு மேசை விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா முதலில் கத்தினாள், பிறகு போட்டோ அனுப்பச் சொன்னாள், பார்த்துவிட்டு, "அந்தக் குதிரை எல்லாம் இன்னாடி அப்டித் தண்ணி குடிக்குது" என்றாள்.

பொங்கல் கழிந்த ஞாயிறு, அப்பாவும் மகளும் பாண்டிச்சேரிக் கடற்கரைப் பாறைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அலை வந்தது, உடைந்தது, வெள்ளையாகச் சிதறிப் பாறை இடுக்கில் இறங்கியது. பிரம்மி மடியில் நோட்டை விரித்து வைத்திருந்தாள். இரண்டு மணி நேரமாகியும் ஒரு வரி எழுதவில்லை.

"நிக்கவே மாட்டேங்குதே" என்றார் நைனா.

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம் நைனா."

அடுத்த அலை கொஞ்சம் பெரியதாக வந்து இரண்டு பேரையும் தலையோடு நனைத்துவிட்டுப் போனது.